படகிலிருந்து ஒரு ‘வரேன்’

படகுக்குள் தண்ணீர் நின்றது. கொஞ்சம்தான், உள்ளங்கால் நனையும் அளவு. ஆனாலும் அசரியா தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்த கையைக் கீழே விடாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ராஜகீழ்ப்பாக்கத்தில் மழை என்ற ஒன்று பெய்து மாதக்கணக்காகிவிட்டது. கிணறுகள் சேறு காட்டத் தொடங்கி, தெருவே குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் லாரிக்காகத் தெருமுனையை எட்டி எட்டிப் பார்க்கும் கோடை அது. வாசலில் கட்டைகளின்மேல் ஏற்றி வைத்திருந்த அந்தப் பழைய மோட்டார் படகின் பலகைகளோ காய்ந்து சுருங்கி, இடுக்குக்கு இடுக்கு நகம் நுழையும் அளவு வாய் பிளந்து கிடந்தன. உள்ளே உட்கார்ந்தால் உடம்பெல்லாம் கோடு கோடாக வெயில் விழும். அப்படிப்பட்ட சல்லடையில்தான் தண்ணீர் நின்றது. சேறும் பாசியும் மீன் செதிலும் ஊறிய உப்பங்கழியின் வாடை அதிலிருந்து எழும்பி, தார்ப்பாயின் சூட்டில் வெந்து, அவன் முகத்தில் அடித்தது.

“ஹில்டா, இதுல நீ தண்ணி ஊத்தினியா?”

“ஆமா, குடிக்கவே தண்ணி இல்ல, உங்க படகுக்கு வேற ஊத்துவாங்க!” என்று சொல்லிக்கொண்டே அவன் மனைவி ஸ்டூலோடு வந்தாள். ஸ்டூல் இல்லாமல் அவளால் படகுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. அசரியா பனைமரம், அவள் அவன் தோளுக்குக்கூட வரமாட்டாள். கல்யாணப் போட்டோவுக்கே பலகை போட்டு நிற்க வைத்ததை இன்னும் சொல்லிச் சிரிப்பான். ஹில்டா விரல் நுனியால் தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தாள்.

“உப்புக் கரிக்குதுங்க.”

“மரத்துல ஊறின பழைய உப்பு கசியுது. வேற ஒண்ணும் இல்ல.”

பாலிடெக்னிக்கில் என்ஜின் பாடம் நடத்துகிறவன் அவன். தெரியாது என்று சொன்னால் கௌரவம் என்னாவது? எதற்கும் ஒரு பதில் வாயில் தயாராக இருக்கும். உலர்ந்த உப்பு எப்படிக் குளமாகத் தேங்கும் என்று அவளும் கேட்கவில்லை.

வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். ஹில்டாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம். கடற்கரைக்குப் போனால் செருப்பு நனையாத தூரத்திலேயே நின்றுவிடுவாள். அவளைப் போய் படகில் ஏற்றவேண்டும் என்பது அசரியாவின் பல வருட ஆசை. “உன் கால்ல ஒரு சொட்டு தண்ணி படாம கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வரேன், பாரு,” என்று வாக்குக் கொடுத்திருந்தான். ஆரம்பத்தில் முறைத்தவள், போகப் போக உப்புத்தாள் எடுத்துத் தேய்க்க அவளே உட்கார்ந்துவிட்டாள்.

படகு வந்தது கேளம்பாக்கத்துக்கு அப்பால், கழியோரம் மூடிக்கிடந்த ஒரு படகுக் கொட்டகையிலிருந்து. அந்தக் கொட்டகைக்குப் பொறுப்பாக இருந்த லக்ஷ்மிநாராயணன், “இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது சார், எடுத்துட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்,” என்று சும்மாவே கொடுத்தார். மேல்தளம் முழுக்கத் தேக்கு. முன்பக்கத்தில் ஆள் இறங்கும் அளவு ஒரு சதுர மூடி, அதற்குக் கீழே சாமான் வைக்கும் இருட்டறை. அசரியாவுக்குத் தலைகால் புரியவில்லை.

லாரியில் ஏற்றிய அன்று ஒரு சின்ன விஷயம் நடந்தது. அவன் குனிந்து கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால், கொட்டகையின் இருட்டுக்குள்ளிருந்து, சளி கட்டியது போன்ற ஒரு பெண்குரல் கேட்டது.

“வரேன்.”

பெருக்குகிற அம்மா வேலை முடித்துக் கிளம்புகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஆங், வாங்க வாங்க,” என்றான். போகிறேன் என்று நம்மில் யார் சொல்கிறோம்? கிளம்புகிறவர் வரேன் என்பதும் இருப்பவர் வாங்க என்பதும் வாய் தானாகச் செய்யும் வேலை. ஆனால் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்த லக்ஷ்மிநாராயணன் அப்படியே நின்றுவிட்டார்.

“யார்கிட்ட சார் பேசினீங்க?”

“பின்னாடி, அந்த அம்மாகிட்ட.”

அவர் பின்னால் பார்க்கவில்லை. அவசர அவசரமாகக் கயிற்றை முடிச்சிட்டார். லாரி கிளம்பும்போது அசரியா, “வரேன் சார்,” என்று கையசைத்ததற்கும் தலையை மட்டும் ஆட்டினார். என்ன மனுஷன் இவர், மரியாதை தெரியாதவர் என்று அசரியாவுக்குக் கோபமாக வந்தது.

வேலை நன்றாகவே நடந்தது. வெந்த தோல் போல உரிந்த பழைய வார்னிஷை இருவரும் சுரண்டிச் சுரண்டி எடுக்க, சாம்பல் நிறத்துக்குக் கீழே தேக்கு தேன்நிறமாகத் தலைகாட்டியது. இடுக்குகளில் பஞ்சுத்திரி திணித்தார்கள். இதற்கிடையே தண்ணீர் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. முதலில் அசரியா சந்தோஷப்பட்டான் என்றே சொல்லவேண்டும். காய்ந்த படகுக்குத் தண்ணீர் காட்டினால் மரம் குடித்து உப்பி, பலகையோடு பலகை சேர்ந்து, இடுக்கு தானாக அடைபடும். “குடிக்குது ஹில்டா, மரம் குடிக்குது!” என்று பலகையைத் தட்டிக் காட்டினான். தட்டிய இடத்தில் சத்தம் உள்ளே எங்கோ ஆழத்தில் கேட்டது.

மரம் குடித்தது போக எஞ்சிய தண்ணீரை வடித்துவிடலாம் என்று ஒரு மாலை படகின் அடியில் புகுந்து, பின்பக்கத்தில் இருந்த பித்தளைத் திருகுமூடியைக் கழற்றினான். முகத்தில் கொட்டப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டான். கொட்டவில்லை. கண்ணைத் திறந்தால், கட்டைவிரல் நுழையும் ஓட்டை, அதில் கறுப்பாகத் தண்ணீர் பளபளத்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு விழவில்லை. விரலை உள்ளே விட்டான். சில்லென்று இருந்தது. விரலை எடுத்தான். கறுப்பு அப்படியே நின்றது. மூடியைத் திரும்பத் திருகிவிட்டு, சேறு அடைத்திருக்கிறது என்று ஹில்டாவிடம் சொன்னான்.

மறுநாள் வகுப்பில் ஒரு மாணவன் வேறு ஏதோ கேட்கப் போய், அசரியா கரும்பலகையில் ஒரு தொட்டி வரைந்து அடியில் ஓட்டை போட்டான். “ஓட்டை இருந்தும் தண்ணி வெளிய வரலைன்னா ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். வெளியிலயும் அதே மட்டத்துக்குத் தண்ணி நிக்கணும்.” சொல்லிக்கொண்டே தொட்டிக்குள் இருந்த தண்ணீர்க் கோட்டை வெளியே நீட்டினான். பக்கத்தில் அளவுக்காக அவன் வரைந்திருந்த மனிதனின் இடுப்பை வெட்டிக்கொண்டு கோடு போயிற்று. சாக்பீஸ் நின்றுவிட்டது. அவன் அதை அழித்துவிட்டு வேறு பாடம் எடுத்தான்.

அன்றைக்குச் சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் வழக்கம்போல இருவரும் முழங்காலில் நின்றார்கள். ஹில்டா வேதாகமத்தை மூடிவிட்டுத் தலையைத் தரைவரை தாழ்த்தினாள். அடுத்த நொடி இருமிக்கொண்டு எழுந்தாள். புரையேறியது போல, மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிய, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்ன ஆச்சு?”

“தெரியலங்க. குனிஞ்சா மூச்சு முட்டுது. நிமிந்தா சரியாயிடுது.”

அவன் தன் தலையைத் தாழ்த்திப் பார்த்தான். ஏதோ ஒரு இடத்தில், மூக்குக்குக் கீழே, காற்று முடிந்துபோனது. அதற்குக் கீழே இழுத்தால் எதுவும் வரவில்லை. உதட்டில் உப்பு. விருட்டென்று நிமிர்ந்தான். அன்றுமுதல் இருவரும் நின்றுகொண்டே ஜெபித்தார்கள். தரையில் வைத்த ஸ்டவ் பற்றாமல் போனபோது அதைத் தூக்கி மேடைமேல் வைத்தார்கள். இரவில் கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள்.

தெருக்கோடியில் மாடு வைத்திருந்த பச்சையம்மாதான் வாய்விட்டுச் சொன்னவள். காலையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனவள் கேட்டருகே நின்று கத்தினாள்.

“இன்னா சார் இது, உங்க வூட்டாண்ட வந்தா மட்டும் இதுங்க இப்டி பண்துங்க? ஏரில எறங்கினா மாதிரி மூஞ்சிய மேல தூக்கிக்கினு போவுது பாரு. ஒரே பேஜாரா கீது!”

அசரியா பார்த்தான். வறண்ட புழுதித் தெருவில், மாடுகள் தாடையை வானத்துக்கு உயர்த்தி, மூக்கு விடைக்க, கண்கள் வெள்ளையாக, மெதுவாக, மிக மெதுவாக அவன் வீட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. மதில் தாண்டியதும் தலைகள் சாதாரணமாகத் தாழ்ந்தன.

ஹில்டா உள்ளே போனாள். அவள் சேலையில் இடுப்புக்குச் சற்று மேலே, சுற்றிலும், வெள்ளையாக ஒரு உப்புக்கோடு படிந்திருந்தது.

படகை எடுத்துப் போகச் சொல்லிவிடவேண்டும். இன்றைக்கே. அசரியா கேளம்பாக்கத்துக்குப் பஸ் ஏறினான். போகும்போது ஹில்டாவிடம், “நீ பச்சையம்மா வீட்டுல போய் இரு,” என்றான். “வேலை கிடக்குங்க, முடிச்சுட்டுப் போறேன்,” என்றாள்.

லக்ஷ்மிநாராயணன் அவனைப் பார்த்ததுமே நாற்காலியைவிட்டு எழுந்தார். அவன் சொன்னதையெல்லாம் கேட்டார். தண்ணீரைப் பற்றி அவர் ஆச்சரியப்படவே இல்லை.

“படகு கழுவ கங்கம்மான்னு ஒருத்தி இருந்தா சார். ஒரு நாள் கரையில இருந்தவங்களுக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. அந்தப் படகை எடுத்துக்கிட்டுத் தனியாப் போனா. நடுவுல விழுந்துட்டா. நீச்சல் தெரியாது. தலையைத் தூக்கித் தூக்கி வரேன், வரேன்னு கத்தினா.” அவர் கழியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். “கோவம் சார். ஒருத்தரும் வான்னு சொல்லல. நானும் சொல்லல.”

“அப்புறம்?”

“படகு தானா கரைக்கு வந்துச்சு. அதுக்கப்புறம் அந்தக் கொட்டகையில எப்பவாவது குரல் கேக்கும். யாரும் பதில் சொல்றதில்ல. நாங்க ஒருத்தருக்கொருத்தர் வரேன்னு சொல்றதையே விட்டுட்டோம். நீங்கதான் சார் அவளை வான்னு கூப்பிட்ட மொத ஆளு.”

“இப்ப நான் என்ன பண்ணணும்?”

“இன்னொரு தடவை சொல்லிடாதீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

வண்டலூர் சாலை வழியாகத் தாம்பரம் வந்து, பஸ் மாறி, ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்கும்போது பொழுது சாய்ந்திருந்தது. தெருவில் கரண்ட் இல்லை. எங்கோ ஒரு வீட்டில் கொசுவுக்குப் போட்ட வேப்பிலைப் புகை, எங்கோ ஒரு குழந்தையின் அழுகை, எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. கேட்டைத் தள்ளினான். அது சாதாரணமாகத் திறக்கவில்லை. மெல்ல, கனத்து, எதையோ தள்ளிக்கொண்டு திறந்தது.

உள்ளே கால் வைத்தான். நெஞ்சு அழுந்தியது. இன்னொரு அடி. தொடை இழுத்தது. சட்டையின் ஓரம் உடம்பைவிட்டு எழும்பி வயிற்றைச் சுற்றி மெதுவாக அசைந்தது. காற்று இல்லை. ஒரு இலை ஆடவில்லை. தோளில் தொங்கிய பை தானாக உயர்ந்து கழுத்துப் பக்கம் வந்து நின்றது.

படகு கட்டைகளின்மேல் இல்லை.

கட்டைகள் தரையில் இருந்தன. படகு அவற்றுக்கு மேலே இருந்தது. நடுவே வெறும் இடம், அதன் வழியே எதிர்ப்பக்க மதில் தெரிந்தது. படகு லேசாக, இடமும் வலமும், ஆடியது.

“என்னங்க!”

படகுக்குள் ஹில்டா நின்றிருந்தாள். கையில் பிளாஸ்டிக் மக். தலை கலைந்திருந்தது.

“மத்தியானம் வீட்டுக்குள்ள மூச்சே விட முடியல. ஸ்டூல் மேல ஏறினேன். அப்புறம் இதுல ஏறிட்டேன். உள்ள இருந்த தண்ணியெல்லாம் எறைச்சு ஊத்தினேன். ஒரு இடத்துலகூட ஒழுகலங்க.” அழுதாள். “நீங்க எப்படி அதுல நிக்கறீங்க? கழுத்து வரைக்கும் இருக்கே!”

அவன் கீழே பார்த்தான். காய்ந்த மண். அவனுடைய பழைய செருப்பு. கவிழ்ந்துகிடந்த வார்னிஷ் டின். எறும்பு வரிசை.

ஏறிவிடலாம் என்று படகின் ஓரத்தைப் பிடிக்கப் போனான். அது விலகியது. மறுபடி எட்டினான். விரல் பட்டதும் வழுக்கி அந்தப் பக்கம் போயிற்று.

அப்போதுதான் அதைப் பார்த்தான். ஹில்டாவுக்குப் பின்னால், முன்பக்க மூடி. ஒரு விரற்கடை தூக்கியிருந்தது. இடுக்கில் விரல்கள். ஊறிச் சுருங்கிய வெள்ளை விரல்கள்.

“ஹில்டா. திரும்பாதே. குதி. நான் பிடிச்சுக்கறேன்.”

“பயமா இருக்குங்க.”

“குதி!”

“ஆழமா இருக்கு. நான்... நான் வரேன். வரவா?”

அவன் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். இரண்டு கைகளையும் நீட்டினான். விரல்களை அசைத்து அசைத்துக் கூப்பிட்டான்.

“வரேங்க. வான்னு சொல்லுங்க.”

மூடி உயர்ந்தது. உள்ளிருந்து கழியின் வாடை. கறுத்த கூந்தல். அதிலிருந்து வழிந்த நீர் தேன்நிறத் தேக்கில் ஓடி ஹில்டாவின் குதிகாலை நனைத்தது.

“ஏன் வான்னு சொல்ல மாட்டேங்கறீங்க?” சின்னப் பிள்ளையைப் போலக் கேட்டாள். “என்னங்க. ஒரு தடவை சொல்லுங்களேன்.”

சொன்னால் அது வரும். சொல்லாவிட்டால் இவள் வரமாட்டாள். குதி என்றதற்கு அவள் அசையவில்லை. வா என்பதற்குத் தமிழில் வேறு வார்த்தை இல்லை. ஈரக் கை ஹில்டாவின் தோளுக்குப் பின்னால் உயர்ந்தது.

“வா!” என்று அலறினான். “வா ஹில்டா, வா!”

“வரேன்.”

இரண்டு குரல்கள்.

ஹில்டா குதித்தாள். விழவில்லை. அமிழ்ந்தாள். அவன் கைகளுக்கு நடுவே, மெதுவாக, சேலை குடைபோல விரிய, கண்கள் திறந்தபடி, கீழே. வாயிலிருந்து குமிழி குமிழியாக ஏதோ மேலே போயிற்று. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். வரவில்லை. குனிந்தான். காற்று முடிந்தது. உப்பு. நிமிர்ந்தான். மறுபடி குனிந்தான். ஹில்டாவின் முந்தானை தரையோடு இறுகியிருந்தது. அதன்மேல் இரண்டு பாதங்கள். ஊறிய பாதங்கள். அசையாமல் நின்றன.

இழுத்தான். இழுத்தான். “விட்டுடு,” என்றான். “தாயே, விட்டுடு.” ஹில்டாவின் கை அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்திருந்தது. பிறகு பிடிக்கவில்லை.

பாதங்கள் நகர்ந்தன. அவனைக் கடந்து, படியேறி, வீட்டு வாசலுக்குப் போயின. நிலையருகே நின்று, கூந்தலை முன்னால் போட்டுப் பிழிந்துகொண்டு, அது திரும்பியது.

“வாங்க,” என்றது சளி கட்டிய குரல். “வாங்க வாங்க.”

தெருவில் கரண்ட் வந்தது. கேட்டுக்கு வெளியே பச்சையம்மாவின் மாடுகள் வீடு திரும்பிக்கொண்டிருந்தன. தாடைகளை வானத்துக்கு உயர்த்தி மெதுவாகப் போயின. விளக்கு வெளிச்சத்தில் வாசல் முழுதும் புழுதி. ஒரு ஈரப்பொட்டுகூட இல்லை. அவன் மார்புக்கு நேரே, ஒரு கனமும் இல்லாமல், ஹில்டா மிதந்துகொண்டிருந்தாள். இலைகூட அசையாத அந்த மாலையில் அவள் கூந்தல் மட்டும் பிரிந்து பிரிந்து, மேல்நோக்கி, மெல்ல அலைந்தது. அசரியாவின் கீழுதட்டில் உப்புக் கரித்தது.